பேப்பர் கப் பேப்பர்தானாம், கேட்டுக்கோங்க!

எவர்சில்வர்: நம்ம கல்லூரி கேண்டீன் வாசலில் "பிளாஸ்டிக் இல்லா வளாகம்" என்று பச்சை போர்டு வைத்ததைப் பாராட்டி, "முழுக்கப் பேப்பர் கப்புக்கு மாறிட்டோம், ஒழிச்சாச்சு" என்று நேற்று ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததும் புரையேறியது. ஐயா, பேப்பர் கப்பும் பிளாஸ்டிக்தான். உள்ளே பாலித்தீன் பூச்சு இல்லாவிட்டால் டீ உங்கள் சட்டையில்தான் இருக்கும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த 14 பொருள்களில் இதுவும் ஒன்று. தடை செய்த கப்பில் டீ குடித்துக்கொண்டே மார்தட்டத் தனித் தைரியம் வேண்டும்.

விடுதிவாசி: எழுதினது நான்தான். வயிறு எரிஞ்சா மோர் குடிங்க. பேப்பர் கப்னா பேப்பர். பேர்லயே இருக்கு. மண்ணுல போட்டா மக்கிடும்.

எவர்சில்வர்: பெயரில் இருந்தால் போதுமா? குதிரைவாலி அரிசியில் குதிரையைத் தேடுங்கள். ஒரு கப்பைக் கிழித்து, ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். காலையில் காகிதம் கூழாகியிருக்கும், நகத்தால் நெருடினால் மெல்லிய சவ்வு தனியாக உரிந்து வரும். அதற்கு என்ன பெயர்? விடுதிக்கு வரும் பழைய பேப்பர் அண்ணாச்சி செய்தித்தாள் எடுப்பார், நோட்டு எடுப்பார். இந்தக் கப்பைக் கையால் தொடமாட்டார்.

மெஸ்கமிட்டி: எவர்சில்வர் அண்ணா, டம்ளர் யார் கழுவுறது? பதினொரு மணி பிரேக்ல பத்து நிமிஷத்துல முந்நூறு பேர் வர்றாங்க. கழுவ ரெண்டே அக்கா. ஏப்ரல்ல லாரித் தண்ணி.

எவர்சில்வர்: தண்ணீர்க் கதை அப்புறம். பேப்பர் கப் பிளாஸ்டிக்கா, இல்லையா?

உரக்குழி: கப்பை விடுங்கப்பா. பச்சைத் தொட்டி, நீலத் தொட்டின்னு பிரிச்சுப் போடுறோம், ரெண்டையும் ஒரே டிராக்டர்லதானே கொட்டுறாங்க? ஒரு நாளைக்கு 100 கிலோவுக்கு மேல குப்பை போடுற இடம் அங்கேயே பிரிக்கணும்னு 2016 திடக்கழிவு விதியிலயே இருந்துச்சு. நாங்க உரம் சலிக்கும்போது சல்லடையில கப் ஷேப்லயே சவ்வு நிக்குது. அது வேற.

எவர்சில்வர்: அது வேறா? அதுதான் விஷயமே! சவ்வு நிற்கிறது என்று உங்கள் ஆளே ஒத்துக்கொண்டார்.

உரக்குழி: நான் யாரோட ஆளும் இல்ல.

விடுதிவாசி: தடைன்னா பெட்டிக்கடையில எப்படி விக்கிறாங்க?

எவர்சில்வர்: ஹெல்மெட் போடாமல் எப்படிப் போகிறார்களோ, அப்படித்தான். கப் தயாரிப்பாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2023 அக்டோபரில் தடை செல்லும் என்று தீர்ப்பாகிவிட்டது. காரக்பூர் ஐஐடிக்காரர்கள் 2020லேயே சொன்னார்கள்: 100 மில்லி சூடான நீர், 15 நிமிடம், 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்.

விடுதிவாசி: ஒரு டீயை 15 நிமிஷம் கையில வச்சிருக்கறது நீங்க ஒருத்தர்தான். கடன் சொல்ல ஆள் தேடிக்கிட்டு.

மெக்_பேட்ச்14: எங்கள் காலத்தில் கண்ணாடி கிளாஸ்தான். உடைத்தால் பத்து ரூபாய். ஒழுங்கு இருந்தது.

மெஸ்கமிட்டி: உங்க பேட்ச் தூக்கிட்டுப் போன கிளாஸுக்கு இன்னும் கணக்கு இல்ல சார்.

மெக்_பேட்ச்14: அது சிவில்காரர்கள் வேலை.

விடுதிவாசி: எவர்சில்வர் அண்ணாவும் சிவில்தான்! போன வருஷம் கலைவிழாவுக்குத் தெர்மாகோல் யானை செஞ்சது யாரு? தும்பிக்கை இன்னும் ஆடிட்டோரியம் பின்னாடி கிடக்கு.

எவர்சில்வர்: அந்த 14 பொருள் பட்டியலில் இருப்பது தெர்மாகோல் கப்பும் தட்டும். யானை இல்லை. பேச்சை மாற்றாதீர்கள்.

உரக்குழி: அந்தப் பச்சை போர்டே ஃபிளெக்ஸ்தானே?

விடுதிவாசி: துணின்னு சொன்னாங்க.

எவர்சில்வர்: பேப்பர் கப்பைப் பேப்பர் என்று நம்புகிறவர் ஃபிளெக்ஸைத் துணி என்று நம்பமாட்டாரா?

மெக்_பேட்ச்14: சிவில்காரர்கள் மேல் சொன்னதைத் திரும்பப் பெற மாட்டேன். கிளாஸ் மொத்தம் நாற்பத்திரண்டு.

மெஸ்கமிட்டி: நாற்பத்தியாறு.

எவர்சில்வர்: கிளாஸ் கணக்குக்குத் தனி இழை போடுங்கள். ஐந்தாவது தடவையாகக் கேட்கிறேன். அந்தச் சவ்வு என்ன?

விடுதிவாசி: ஊறப்போட்டேன். சவ்வு வந்துச்சு. ரொம்ப மெல்லிசு. அதெல்லாம் கணக்குல வராது. பேப்பர்தான்.