வல்லூரெக் கணக்கு: பிரெஞ்சுத் தாக்கல்கள் படிக்கத் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். எஃகுக் குழாய் தயாரிக்கும் பிரெஞ்சு நிறுவனம் வல்லூரெக்கின் 2021 கடன் மறுசீரமைப்பைப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான்டேர் வணிக நீதிமன்றம் மே மாதம் திட்டத்தை ஏற்றது. சுமார் 350 கோடி யூரோ கடனில் பாதிக்கு மேல் குறைந்தது. அதுவரை சரி.

என்னைக் குழப்புவது விலைதான். பழைய பங்குதாரர்களுக்கான உரிமைப் பங்கு (அவர்கள் முன்னுரிமையில் வாங்கக்கூடிய புதிய பங்கு) 5.66 யூரோ, கடன் கொடுத்தவர்கள் கடனைப் பங்காக மாற்றியதோ 8.09 யூரோவுக்கு. கடன் கொடுத்தவர்கள் ஏன் அதிக விலைக்கு ஒத்துக்கொண்டார்கள்? கடனின் சந்தை விலை அப்போது குறைவாக இருந்ததாலா?

அப்புறம், உரிமைப் பங்கு வாங்காதவரின் பங்கு விகிதம் எவ்வளவு சுருங்கியது என்ற அட்டவணை, ஏ.எம்.எஃப். (பிரான்சின் நிதிச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பு) ஒப்புதல் பெற்ற விளக்க அறிக்கையில் எந்தப் பகுதியில் இருக்கும்? நூற்றுக்கணக்கான பக்கம், கண் கட்டுகிறது. தெரிந்தவர்கள் பகுதித் தலைப்பைச் சொன்னால் போதும்.