மாமாவை ஐசியூவில் குளிர வைத்திருக்கிறார்கள், இது சரியான சிகிச்சைதானா?

தக்கலைப்பிள்ளை:
எங்கள் மாமா, 52 வயது, குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தபோது சாய்ந்துவிட்டார். பக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்த பையன் உடனே நெஞ்சை அமுக்க ஆரம்பித்து 108 வரும்வரை விடவில்லை, ஷாக் கொடுத்த பிறகு துடிப்பு திரும்பியது. இப்போது திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்து வென்டிலேட்டரில் இருக்கிறார். உடம்பைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிற விரிப்பைக் கட்டி 34 டிகிரியில் வைத்திருக்கிறார்கள், மூளையைக் காப்பாற்றத்தான் என்கிறார்கள். கையைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது. மாமி அழுதுகொண்டே கம்பளி போர்த்தச் சொல்கிறாள். நாகர்கோவிலில் இதே போல் விழுந்த தெரிந்தவர் ஒருவருக்குக் குளிர்விக்கவே இல்லை, காய்ச்சல் வராமல் பார்த்ததோடு சரி. யார் செய்வது சரி? இதற்குள் பெரியப்பா "கண்ணே திறக்கவில்லை, மூளை போயாச்சு, வீட்டுக்குக் கொண்டுபோவோம்" என்கிறார். என்ன செய்ய?

ஐசியூ_சிஸ்டர்:
முதலில் மாமியிடம் சொல்லுங்கள் பிள்ளை, கை சில்லென்று இருப்பதை வைத்து எதையும் முடிவு பண்ண முடியாது. நாங்கள் பார்ப்பது சிறுநீர்க் குழாயிலோ உணவுக்குழாயிலோ இருக்கிற சென்சார் காட்டும் உள் வெப்பத்தை. அதை ஒரே அளவில் நிறுத்தி வைப்பதுதான் பெரிய வேலை, ஏனென்றால் உடம்பு விடாமல் எதிர்த்து நடுங்கப் பார்க்கும், நடுங்கினால் ஆக்ஸிஜன் செலவு ஏறி குளிர்வித்த பலனே போய்விடும். கண்ணுக்குத் தெரியாத நடுக்கமும் உண்டு, தாடையிலும் கழுத்திலும் கை வைத்துப் பார்த்தால் சதை மெல்லத் துடிப்பது தெரியும், உடனே மயக்க மருந்தைக் கூட்டச் சொல்லி டாக்டரைக் கூப்பிடுவோம். கைகால்களை மட்டும் சூடாக மூடினால் நடுக்கம் குறையும், அதனால் சில இடங்களில் சாக்ஸ் போடுவதும் உண்டு. கம்பளி வேண்டுமா என்று டியூட்டி சிஸ்டரிடம் கேளுங்கள், நீங்களாகப் போர்த்த வேண்டாம்.

டாக்டர்_ஆசாரிப்பள்ளம்:
இரண்டு ஆஸ்பத்திரியும் தவறு செய்யவில்லை. இதயம் நின்றபோது மூளைக்கு வரும் சேதம் ஒரு பங்கு, ரத்தம் திரும்ப ஓட ஆரம்பித்த பிறகு மணிக்கணக்கில், நாள்கணக்கில் தொடர்வது இன்னொரு பங்கு. வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் மூளையின் ஆக்ஸிஜன் தேவை ஏறத்தாழ 6, 7 சதவீதம் குறையும், குளிர்விப்பதன் அடிப்படை அதுதான். 2002-ல் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த இரண்டு ஆய்வுகளில், 32 முதல் 34 டிகிரி வரை குளிர்வித்தவர்கள் நல்ல நினைவோடு மீண்டது அதிகம் என்று வந்ததும் உலகம் முழுக்க இதைப் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் 2013-ல் 33 டிகிரியையும் 36 டிகிரியையும் ஒப்பிட்டார்கள், வித்தியாசம் இல்லை. 2021-ல் ஏறத்தாழ 1,900 பேரை வைத்து, 33 டிகிரியா, காய்ச்சலை மட்டும் தடுப்பதா என்று பார்த்தார்கள், ஆறு மாதம் கழித்தும் இரண்டு பக்கமும் ஒன்றுதான், குளிர்வித்தவர்களுக்கு இதயத் துடிப்புக் கோளாறு மட்டும் கூடுதல். ஷாக் கொடுக்க முடியாத வகையில் இதயம் நின்றவர்களுக்கு 33 டிகிரி கொஞ்சம் உதவியதாக 2019-ல் பிரான்சில் ஓர் ஆய்வு வந்தது, அதனால் விவாதம் முழுசாக முடியவில்லை. அமெரிக்க வழிகாட்டுதல் 32-க்கும் 37.5-க்கும் இடையில் ஒன்றைத் தேர்ந்து மாறாமல் வைக்கச் சொல்கிறது, ஐரோப்பாவில் காய்ச்சல் வராமல் தடுப்பதே முக்கியம். காய்ச்சல் கெடுதல் என்பதில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

பெரியப்பாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள், இப்போது முடிவெடுக்கக் கூடாது. குளிரும் மயக்க மருந்தும் சேர்ந்தால் நல்ல மூளைகூடப் பதில் சொல்லாது, குளிர்ந்த உடம்பில் மருந்து வெளியேறவும் நேரம் பிடிக்கும். குறைந்தது 72 மணி நேரம் கழிந்து, மருந்தின் தாக்கம் போன பிறகுதான் கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா, மூளையின் மின் அலைகளைப் பதியும் இஇஜி என்ன சொல்கிறது, ஸ்கேனில் வீக்கம் இருக்கிறதா என்று பலதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு சோதனையை வைத்துச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

குளச்சல்_கடல்:
ஆம்புலன்சிலேயே ஐஸ் வைத்தால் இன்னும் நல்லதா டாக்டர்? எங்கள் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸுக்கா பஞ்சம்.

டாக்டர்_ஆசாரிப்பள்ளம்:
வேண்டாம் தம்பி. வழியிலேயே குளிர்ந்த சலைன் ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள், பலன் இல்லை, வழியிலேயே இதயம் மறுபடி நின்றதும் நுரையீரலில் நீர் கோத்ததும்தான் கூடியது. ஐஸ் தேடுகிற நேரத்தில் நெஞ்சை அமுக்குங்கள், நடு நெஞ்சில், 5 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. மாமாவுக்கு இந்த வாய்ப்பைக் கொடுத்ததே அந்தப் பால்வெட்டுப் பையன்தான். உங்கள் துறையில் பத்துப் பேருக்கு இதைப் பழக்கிவிட ஏற்பாடு செய்யுங்கள், சொல்லிக்கொடுக்க நான் வருகிறேன்.

தக்கலைப்பிள்ளை:
நன்றி டாக்டர், நன்றி அக்கா. மாமி கொஞ்சம் அடங்கியிருக்கிறாள். இன்று ராத்திரி சூடாக்க ஆரம்பிப்பார்களாம், சீக்கிரம் செய்யச் சொல்லிக் கேட்கலாமா?

ஐசியூ_சிஸ்டர்:
கேட்க வேண்டாம் பிள்ளை, அது மெதுவாகத்தான் நடக்கணும். மணிக்குக் கால் டிகிரி, கூடிப்போனால் அரை டிகிரி. வேகமாக ஏற்றினால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், பிரஷர் இறங்கும். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று நாள் காய்ச்சல் வராமல் பார்ப்பார்கள். மயக்க மருந்தை எத்தனை மணிக்கு நிறுத்தினார்கள் என்று மட்டும் கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள், பெரியப்பா மறுபடி ஆரம்பித்தால் அதைக் காட்டலாம்.