தேர்தல் மேடையில் தேவாரம் எதற்கு?

மாம்பலத்துக்காரன்:
நேற்று ராத்திரி எங்கள் தெருமுனையில் ஒரு கூட்டம். கட்சிப் பெயர் வேண்டாம், நாளைக்கு இன்னொரு கட்சியும் இதையே செய்யும். பேச்சாளர் மைக்கைப் பிடித்ததும் தேவாரத்தில் வரும் கோளறு பதிகத்தின் கடைசி அடியில் 'அரசாள்வர் ஆணை நமதே' என்பதை மட்டும் மூன்று தடவை சொன்னார், ஒரே கைதட்டல், அப்புறம் அந்தத் தெய்வ வாக்கு பலிக்க எங்கள் சின்னத்தில் போடுங்கள் என்றார். என் பெரியப்பா நாற்பது வருஷம் சன்னிதியில் பாடிய ஓதுவார், பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "வானில் எங்கேடா போச்சு?" என்று என்னைக் கேட்டார். சம்பந்தர் பாடியது 'அடியார்கள் வானில் அரசாள்வர்'. திருமறைக்காட்டில் நாளும் கோளும் சரியில்லை, மதுரைக்குப் போக வேண்டாம் என்று அப்பர் தடுத்தபோது, எனக்குப் பயமில்லை என்று பாடிய பாட்டு அது. அதில் ஒரு சொல்லை வெட்டிவிட்டு ஓட்டு கேட்கிறார்கள்.

1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 123(3), மதத்தைச் சொல்லி ஓட்டு கேட்பதை முறைகேடு என்கிறது. வேட்பாளரின் மதம் மட்டுமில்லை, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் அது பொருந்தும் என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 4-3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. சரியான தீர்ப்பு. சாமி வாக்கு என்று ஒருவர் ஆரம்பித்துவிட்டால் எதிரில் நிற்பவர் என்ன பதில் பேசுவார்?

பெரம்பூர் அக்கா:
தம்பி, பெரியப்பாவின் கோபம் நியாயமானது. ஆனால் வெட்டியதுதான் தப்பு, சொன்னது தப்பில்லை. 'ஒன்றே குலமும் ஒருவனே தேவனும்' திருமூலர் வாக்கு, திருமந்திரம். அதைத் தமிழ்நாட்டின் மூலை முடுக்கெல்லாம் கொண்டுபோனவர் அண்ணா, பெரியாரிடம் இருந்து வந்தவர். எங்கள் அப்பா லோகோ ஷெட்டில் வேலை பார்த்தார், திருமந்திரம் என்று ஒரு நூல் இருப்பதே அவருக்குத் தெரியாது, அந்த வரியைச் சுவரெழுத்தில்தான் படித்தார், சாகும் வரை சொல்லிக்கொண்டே இருந்தார். அதை அரசியல் என்று தடுத்திருந்தால் அவருக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? இன்னொன்று, சம்பந்தர் அன்றைக்குக் கிளம்பியது எங்கே? மங்கையர்க்கரசி அழைத்து, சமணம் சார்ந்திருந்த பாண்டியன் அரண்மனைக்கு. அந்தப் பயணமே அரசியல்தான்.

மாம்பலத்துக்காரன்:
அந்தப் பயணம் கடைசியில் எதில் போய் முடிந்தது என்று பெரியபுராணமே சொல்கிறது அக்கா. சமணர்கள் கழுவேறினார்கள். நடந்ததா, கதையா என்பது வேறு பேச்சு. பாட்டில் தோற்றால் கழுமரம் என்பதைப் பெருமையாகச் சொல்ல முடிந்ததே, அதுதான் எனக்குப் பயம்.

ராயபுரத்தான்:
நான் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன், எங்கள் பக்கத்துக் கதையையும் சொல்கிறேன். அமெரிக்காவில் அடிமை வைத்திருந்தவர்கள் பைபிளின் எபேசியர் நிருபத்தில் இருந்து, அடிமைகள் எஜமானுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற வசனத்தைக் காட்டினார்கள். உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், 1865 மார்ச்சில், இரண்டு பக்கமும் ஒரே வேதத்தைத்தான் படிக்கிறோம், ஒரே கடவுளிடம்தான் ஜெபிக்கிறோம் என்று லிங்கனே பதவியேற்பு உரையில் சொன்னார். ஆனால் அதே வேதத்தின் ஆமோஸ் புத்தகத்தில் இருந்துதான் 1963இல் மார்ட்டின் லூதர் கிங், நீதி தண்ணீரைப் போலப் புரண்டு வரட்டும் என்றார். ஆகவே யார் வாயில் வருகிறது, யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்று பார்க்கிறேன். மேலே இருப்பவனைப் பார்த்துச் சொன்னால் நான் பக்கத்தில் நிற்பேன். கீழே கிடப்பவனை அடங்கச் சொன்னால் எழுந்து போய்விடுவேன்.

மாம்பலத்துக்காரன்:
மேலே இருப்பவர்களும்தான் சொல்கிறார்கள். 2025 பட்ஜெட் உரையில் மத்திய நிதியமைச்சர் 542ஆம் குறளைச் சொன்னார், 'வானோக்கி வாழும் உலகெல்லாம் மன்னவன் கோல்நோக்கி வாழும் குடி'. செங்கோன்மை அதிகாரம், மழையை நம்பி உலகம் வாழ்வதுபோல அரசனின் ஆட்சியை நம்பிக் குடிகள் வாழ்கிறார்கள் என்பது பொருள். சரியாகப் பத்துக் குறள் தள்ளி, கொடுங்கோன்மையில், 552: 'வேலொடு நின்றான் இடுஎன் றதுபோலும் கோலொடு நின்றான் இரவு'. அரசன் குடிகளிடம் பொருள் கேட்பது வழிப்பறிக்காரன் வேலோடு நின்று கொடு என்று கேட்பதைப் போன்றது. வரி பேசும் சபையில் 542 மட்டும் போதுமா?

பெரம்பூர் அக்கா:
பார்த்தீர்களா, 542க்கு நீங்களே 552ஐ எடுத்துப் பதில் சொல்லிவிட்டீர்கள். பதில் பேச முடியாது என்று ஆரம்பத்தில் சொன்னது யார்? எடுத்துச் சொல்லவே கூடாது என்றால் இந்தப் பதிலும் உங்களுக்குக் கிடைத்திருக்காது.

மாம்பலத்துக்காரன்:
குறளை எல்லா மதத்துக்காரரும் எடுத்துப் பேசுகிறார்கள், அதில் எதிர்த்துப் பேசினால் யாரும் பாவி என்று சொல்வதில்லை. நேற்று நடந்ததில் பாதியைத்தான் எழுதினேன். பெரியப்பா சும்மா இருக்கவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து, "ஐயா, வானில்னு ஒரு சொல் விட்டுப்போச்சு" என்று மேடையைப் பார்த்துச் சொன்னார், அவ்வளவுதான். கட்சித் துண்டு போட்ட ஒரு பையன், இருபது வயசுகூட இருக்காது, "சாமிக்கு எதிரா பேசாத பெருசு, உட்காரு" என்றான். தினமும் அந்தப் பதிகத்தைச் சுவாமி முன்னால் பாடியவரிடம். வீடு வரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை, சாப்பாடும் வேண்டாம் என்றுவிட்டார்.

ராயபுரத்தான்:
மனசு கஷ்டமாக இருக்கிறது அண்ணே.

பெரம்பூர் அக்கா:
இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டாமா தம்பி. சட்டம் போட்டு வாயை அடைப்பதில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. ஆனால் பெரியப்பாவை அந்தப் பதினொரு பாட்டையும் முழுசாகப் பாடச் சொல்லிப் பதிவு செய்து போடுங்கள், 'வானில்' வருகிற இடம் எல்லோர் காதிலும் விழட்டும். எங்கள் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் நானே போடுகிறேன், அந்தக் கட்சிக்காரர்களும் அதில் இருக்கிறார்கள்.

மாம்பலத்துக்காரன்:
குரல் இப்போது கொஞ்சம் நடுங்குகிறது அக்கா. காலையில் காபி கொடுக்கும்போது கேட்டுப் பார்க்கிறேன்.