மேற்கிலிருந்து ஏறி வந்து நடுவழியில் அணைந்த ஒளி எதுவாக இருக்கும்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 16 வயது. நேற்று மாலை இருட்டத் தொடங்கிய பிறகு, வடமேற்கு அடிவானத்துக்குச் சற்று மேலே வெண்ணிற ஒளி ஒன்று தோன்றி, விண்மீன்கள் அனைத்தையும் மிஞ்சிய பிரகாசத்தோடு, சிறிதும் சிமிட்டாமல், ஓசையின்றி உயரே ஏறி வந்தது. நான்கைந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். உச்சியைக் கடந்து தென்கிழக்கில் பாதி தூரம் இறங்குவதற்குள் செம்மஞ்சளாகி, சில நொடிகளில் அணைந்துபோனது. அங்கே மேகம் எதுவும் இல்லை. ஒரு கிலோமீட்டர் உயரத்தில் பறந்திருக்கும் என்று தோன்றியது. கைப்பேசியில் எடுத்த காணொளியிலோ அது துடிக்கும் வட்டத் தட்டாகத் தெரிகிறது. வீட்டில் விமானம் என்கிறார்கள், நண்பர்கள் சிரிக்கிறார்கள். விளக்க முடியுமா?

மறுமொழி: வான்நோக்கி

சிரிப்பவர்களைப் பொருட்படுத்த வேண்டாம். திசையையும் நிறத்தையும் மறைந்த இடத்தையும் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். பெரியவர்களே பலர் அதைச் செய்வதில்லை. நீங்கள் கண்டது பெரும்பாலும் பன்னாட்டு விண்வெளி நிலையம்தான். அது சுமார் 400 கி.மீ. உயரத்தில், மணிக்கு ஏறக்குறைய 28,000 கி.மீ. வேகத்தில், எப்போதும் மேற்குப் பக்கமிருந்து கிழக்குப் பக்கமாகச் செல்கிறது. நமக்குச் சூரியன் மறைந்த பிறகும் அவ்வளவு உயரத்தில் வெயில் இருப்பதால், அதன் அகன்ற சூரியத் தகடுகளில் பட்டுத் தெறிக்கும் ஒளியையே நாம் காண்கிறோம். கிழக்கே செல்லச் செல்ல அது பூமியின் நிழலுக்குள் நுழைகிறது. நுழையும் தறுவாயில் அதன்மீது விழும் வெயில் நம் வளிமண்டலத்தை ஊடுருவி வருவதால், அந்திச் சூரியனைப் போலச் சிவந்து பிறகு மறைந்துவிடுகிறது. தெளிந்த வானில் ஒளி அணைந்தது உங்களுக்குத் திகைப்பாக இருக்கலாம். எனக்கு அதுவே மிக வலுவான தடயம்.

மறுமொழி: இரவுவானம்

நானும் உடன்படுகிறேன். விமானமாக இருந்தால் விட்டுவிட்டு மின்னும் விளக்குகள் தெரிந்திருக்கும். எரிகல் சில நொடிகளுக்கு மேல் நீடிப்பது அரிது. உயரம் குறித்து மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். இருண்ட வானில் ஒற்றைப் புள்ளியாகத் தெரியும் ஒளியின் தொலைவை யாருடைய கண்ணாலும் மதிப்பிட முடியாது, ஏனெனில் ஒப்பிட்டுப் பார்க்க அருகில் எதுவும் இல்லை. கோணத்தை அளக்கலாம்: கையை முழுதாக நீட்டி மடக்கிய முட்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. மறைந்த இடம் அடிவானத்திலிருந்து எத்தனை முட்டி உயரம் என்று சொன்னால் கணிப்பு உறுதிப்படும். காணொளியில் தெரியும் தட்டு, கைப்பேசியின் கேமரா இருளில் குவியம் கிடைக்காமல் தடுமாறியதன் விளைவு. அதை அந்தப் பொருளின் வடிவமாகக் கொள்ளக் கூடாது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. இன்று அதே இடத்தில் நின்று பார்த்தேன், நான்கு முட்டி உயரம் வருகிறது. மீண்டும் அதைக் காண வாய்ப்புண்டா?

மறுமொழி: வான்நோக்கி

உண்டு. அடுத்த நாள் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் முன்னதாக, வேறு உயரத்தில் கடந்து செல்லும். அப்போது வானம் போதிய அளவு இருண்டிருக்க வேண்டும். உங்கள் காணொளிக் கோப்பில் பதிவான நேரத்தை எடுத்துக்கொண்டு, விண்வெளி நிலையமும் செயற்கைக்கோள்களும் கடக்கும் நேரங்களைக் காட்டும் ஹெவன்ஸ் அபவ் இணையதளத்தில் உங்கள் இருப்பிடத்தையும் அந்தத் தேதியையும் இட்டுப் பாருங்கள். நேரமும் திசையும் 40 பாகை என்ற உயரமும் பொருந்தினால் ஐயத்துக்கு இடமில்லை. பொருந்தாவிட்டால் அந்த விவரங்களை இங்கே எழுதுங்கள். சுற்றுப்பாதையில் விடப்பட்ட ராக்கெட் பாகங்களும் இதே வகையில் ஒளிர்ந்து மறைவதுண்டு என்பதால், அடுத்து அவற்றைச் சரிபார்ப்போம்.