கலைச்சொல்: ‘போர்ட்டபிலிட்டி’, ‘மெர்ஜ்’ – யூனிக்ஸ் பகுதிக்கு

பாளையங்கோட்டையிலிருந்து:

‘போர்ட்டபிலிட்டி’க்கு நம் கலைச்சொற்பட்டியலின் வரைவில் ‘கையடக்கத்தன்மை’ என்று இருக்கிறது. டிரான்சிஸ்டர் ரேடியோவுக்குச் சரி. மூலநிரலை வேறொரு யூனிக்ஸ் இயங்குதள வகையில் கம்பைல் செய்து (எந்திரமொழிக்கு மாற்றி) ஓட்டுவதற்கு அது ஒட்டாது. ‘பெயர்வுத்திறன்’ எப்படி?

பிரிந்த கிளைகளை ஒன்றாக்கும் ‘மெர்ஜ்’ஜுக்குக் ‘கூடல்’ என்கிறேன். கடனாநதி திருப்புடைமருதூரில் தாமிரபரணியோடு கூடுவதுபோல, சிஸ்டம் ஃபைவ், பிஎஸ்டி, சன்ஓஎஸ், ஜீனிக்ஸ் என்ற யூனிக்ஸ் கிளைகள் நான்கும் 1988-ல் அறிவித்த சிஸ்டம் ஃபைவ் ரிலீஸ் 4-ல் கூடின.

தென்காசியிலிருந்து:

அண்ணாச்சி, ‘பெயர்வு’ தன்வினை. நிரல் தானாக நகராது, ஒருவர் உட்கார்ந்து மாற்ற வேண்டும். ஆகவே ‘பெயர்ப்புத்திறன்’, வினைக்குப் ‘பெயர்த்தல்’.

கூடல்தான் இடிக்கிறது. கூடிய தண்ணீரைப் பிரிக்க முடியாது. ரிலீஸ் 4-ல் கெர்னல் (இயங்குதளத்தின் கரு) அளவில் வேண்டுமானால் அப்படிச் சொல்லலாம்: பிஎஸ்டியின் வேகக் கோப்பு முறைமை உள்ளே வந்ததால் 14 எழுத்தாக இருந்த கோப்புப்பெயர் வரம்பு 255 ஆனது; சன்ஓஎஸ்ஸிலிருந்து விஎஃப்எஸ் (பலவகைக் கோப்பு முறைமைகளுக்கு ஒரே முகம் தரும் அடுக்கு) வந்தது. கட்டளைகளும் நூலகங்களும் முழுதாகக் கலக்கவில்லை. பிஎஸ்டி வகைக் கட்டளைகள் ‘யூசிபி’ என்ற தனிக் கோப்புறையில் கிடந்தன. ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் ‘பிஎஸ்’ இரண்டு வகையிலும் உண்டு; எது ஓடும் என்பதைத் தேடல் பாதையில் எந்தக் கோப்புறை முன்னால் இருக்கிறது என்பதே முடிவு செய்யும்.

இதில்தான் வம்பு. ரிலீஸ் 4-ஐ அடிப்படையாகக் கொண்ட சன்னின் சோலாரிஸ் 2-ல் ஒரு கிளையின் தலைப்புக் கோப்பைச் (தரவமைப்பை அறிவிக்கும் கோப்பு) சேர்த்து, மற்றக் கிளையின் நூலகத்திலுள்ள ‘ரீட்டிர்’ (கோப்புறையைப் படிக்கும்) செயற்கூறோடு லிங்க் செய்தால், கோப்புப்பெயர்களின் முதல் இரண்டு எழுத்துகள் காணாமல் போகலாம். இரண்டு தரவமைப்பிலும் பெயர் தொடங்கும் இடம் 2 பைட் வேறுபடுகிறது. நிரல் அந்த 2 பைட் தள்ளிப் படிக்கிறது. கம்பைலர் முணுமுணுக்காது. குறுக்கீடு வந்தால் எந்தச் செயற்கூறு (கையாளி) ஓட வேண்டும் என்று சொல்லும் ‘சிக்னல்’லும் இதே கதை: பிஎஸ்டியில் கையாளி நிலைத்திருக்கும், சிஸ்டம் ஃபைவில் ஒருமுறை ஓடியதும் பழைய நிலைக்குத் திரும்பும், இரண்டாவது குறுக்கீட்டில் நிரல் செத்துவிடும். தீர்வு இரண்டு கிளையின் பழைய ‘சிக்னல்’லிலும் இல்லை; போசிக்ஸ் என்ற யூனிக்ஸ் இடைமுகத் தரம் தந்த ‘சிக்ஆக்ஷன்’தான்.

எனவே ‘கிளைச்சேர்ப்பு’. ‘கிளையிணைப்பு’ வேண்டாம்; இணைப்பு என்பதை லிங்குக்குக் கொடுத்தாயிற்று.

பாளையங்கோட்டையிலிருந்து:

சரி தம்பி, பெயர்ப்புத்திறனும் கிளைச்சேர்ப்பும் ஏறட்டும். ஆனால் போசிக்ஸைக் கிளைச்சேர்ப்பின் கீழ் வைக்காதீர்கள். 1988-ல் வந்த அந்தத் தரம் எந்த நிரலையும் சேர்க்கவில்லை. செயற்கூறு எப்படி நடக்க வேண்டும் என்று மட்டும் வரையறுத்தது. அதே ஆண்டு மே மாதம், ரிலீஸ் 4-க்காகச் சேர்ந்த ஏடி&டி–சன் கூட்டுக்கு எதிராக ஐபிஎம், டெக், எச்பி முதலிய நிறுவனங்கள் ஓஎஸ்எஃப் என்ற அமைப்பைத் தொடங்கிவிட்டன; சேர்ப்பு வேலையே புதுக் கிளைக்கு வழிவிட்டது. போசிக்ஸ் ‘பொது இடைமுகம்’ என்ற பதிவில் போகட்டும்.

கணினியின் பின்பக்க ‘போர்ட்’டுக்குத் ‘துறை’ என்று ஏற்கெனவே இருக்கிறது. பெயர்த்தல் பதிவிலிருந்து அதற்குக் குறுக்குச்சுட்டு போடாதீர்கள்.