மறு: நியூரோட்ரான்ஸ்மிட்டருக்குக் ‘கடத்தி’ சரிதானா?

அனைவருக்கும் வணக்கம். நரம்பணுக்களுக்கு இடையே வேலை பார்க்கும் வேதிப்பொருளான நியூரோட்ரான்ஸ்மிட்டருக்குத் தமிழில் வேறு சொல் வேண்டும் என்று நான் எழுதியதற்கு வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

> ‘நரம்பியக்கடத்தி’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. எதற்கு இன்னொரு சொல்?

புழக்கத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் ‘கடத்தி’ என்றதும் இயற்பியல் படித்தவருக்குச் செம்புக் கம்பிதான் நினைவுக்கு வரும். இங்கே நடப்பதோ அதற்கு நேர்மாறு. நரம்பணுவின் முனைவரை ஓடிவந்த மின்துடிப்பு அங்கேயே நின்றுபோகிறது. அடுத்த அணுவுக்கு முன்னால் 20 முதல் 40 நானோமீட்டர் அகலத்தில் ஓர் இடைவெளி. சின்னஞ்சிறு பைகள் திறந்து வேதிப்பொருளை அதற்குள் கொட்டுகின்றன. அது எதிர்க்கரையில் உள்ள ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்கிறது. மின்சாரத்தை அது கடத்துவதே இல்லை.

இயற்பியல் படிக்காதவர் கதை வேறு. என் அண்ணன் மகளிடம் ஒரு கட்டுரை வரைவைக் கொடுத்தேன். “மூளையில யாரைக் கடத்துறாங்க சித்தப்பா?” என்று கேட்டாள்.

> அப்படியானால் ‘வேதித்தூதுவர்’ என்று வைத்துவிடலாமே?

‘தூது’ வரை சரி, ‘வர்’ இடிக்கிறது. மூலக்கூறுக்கு எதற்கு மரியாதைப் பன்மை? அதுகூடப் பரவாயில்லை. தூதுவர் என்றால் சொல்வதற்கு ஒரு செய்தி இருக்க வேண்டும். இந்தப் பொருள்களிடம் அது கிடையாது.

1921இல் மருந்தியலாளர் ஓட்டோ லோவி செய்த தவளைச் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். துடித்துக்கொண்டிருந்த ஓர் இதயத்துக்கு மூளையிலிருந்து வரும் வேகஸ் நரம்பைத் தூண்டினார், துடிப்பு மெதுவானது. அந்த இதயத்தைச் சுற்றியிருந்த நீர்மத்தை எடுத்து இன்னொரு இதயத்தில் விட்டார். நரம்பைத் தொடாமலேயே அதுவும் மெதுவானது. அந்த நீர்மத்தில் இருந்ததற்கு அவர் வைத்த பெயர் வெறும் ‘வேகஸ் பொருள்’. (கலைச்சொல் ஆக்குகிறவர்கள் இந்த அடக்கத்தைக் கவனிக்க வேண்டும்!) பின்னால் அது அசிட்டைல்கோலின் என்று தெரியவந்தது. இதயத்தை அடக்கும் அதே அசிட்டைல்கோலின்தான் கைத்தசையைச் சுருங்க வைக்கிறது. பொருள் ஒன்று, விளைவு எதிரெதிர். என்ன செய்வது என்பது ஏற்பியின் கையில் இருக்கிறது.

பரிமேலழகர் குறளுரையில் தூதுரைப்பவரை ‘தான் வகுத்துக் கூறுவான்’, ‘கூறியது கூறுவான்’ என்று இரண்டாகப் பிரிப்பார். அசிட்டைல்கோலின் இரண்டிலும் சேராது. அது வாயே திறப்பதில்லை. போய் நிற்கும், அவ்வளவுதான்.

அதனால் என் பரிந்துரை, விகுதி எதுவும் இல்லாத வெறும் ‘தூது’. தமிழில் போகிற ஆளும் தூதுதான், போகிற சேதியும் தூதுதான். இந்த மூலக்கூறுகளுக்கு அப்படிப்பட்ட சொல்தான் பொருந்தும். பொதுப்பெயர் வேதித்தூது, இடைவெளியைத் தாண்டுவது நரம்புத்தூது. ஒரு வசதியும் கிடைக்கிறது: கொட்டிய பொருளை நரம்பணு திரும்ப இழுத்துக்கொள்வதைத் ‘தூது மீட்பு’ எனலாம். மனச்சோர்வுக்குத் தரும் மருந்துகளில் ஒரு வகை, செரட்டோனினின் தூது மீட்பைத் தடுக்கிறது. இந்த வாக்கியம் எனக்கு உறுத்தவில்லை.

> ஹார்மோனும் தூதுதானே? அதற்கு ஏற்கெனவே வழங்கும் ‘இயக்குநீர்’ என்ன ஆவது?

அதுவும் வேதித்தூதுதான், போகும் வழிதான் வேறு. சாலையைக் கடக்கும்போது பக்கத்தில் திடீரென்று ஹாரன் அடித்தால் என்ன ஆகிறது? உடல் முதலில் துள்ளிப் பின்வாங்கிவிடுகிறது. அது நரம்புத்தூதின் வேலை, நொடியில் சிறு பகுதிக்குள் முடிந்துவிடும். வண்டி போன பிறகும் நெஞ்சு படபடக்கிறதே, அதில் அட்ரினலின் என்ற ஹார்மோனுக்குப் பங்குண்டு. அது இரத்தத்தோடு ஊர் சுற்றுகிறது. அதன் அளவு பாதியாகக் குறையவே இரண்டு மூன்று நிமிடம் ஆகும். நோர்அட்ரினலின் இரண்டு வழியிலும் போகும். ஆகவே நாம் வைக்கும் பெயர் பொருளுக்கல்ல, அது பார்க்கும் வேலைக்கு.

‘இயக்குநீர்’ என்பதில் முன்பாதி அருமை. 1905இல் ஆங்கில உடலியலாளர் ஸ்டார்லிங் ‘ஹார்மோன்’ என்று பெயரிட்டபோது ‘தூண்டிவிடு’ என்ற பொருளுள்ள கிரேக்க வினையைத்தான் எடுத்தார். ‘நீர்’தான் தொல்லை. தைராய்டு ஹார்மோனான தைராக்சினை மாத்திரையாக விழுங்குகிறவரிடம் ‘இயக்குநீர் மாத்திரை’ என்று சொல்லிப் பாருங்கள். எனக்கு ‘ஹார்மோன்’ போதும்; அதை மாற்றப் போவதில்லை.

டோபமின் என்ற நரம்புத்தூதை ‘மகிழ்ச்சி ஹார்மோன்’ என்று எழுதுவதையாவது நாம் நிறுத்த வேண்டும். வேட்கையில்தான் அதற்குப் பங்கு அதிகம். பார்க்கின்சன் நோய்க்காக டோபமின் ஏற்பிகளைத் தூண்டும் மாத்திரை எடுப்பவர்களில் சிலர், அதுவரை சீட்டைத் தொடாதவர்கள்கூட, சூதாட்டத்தை விட முடியாமல் தவித்திருக்கிறார்கள். மாத்திரையைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ பலருக்கு அந்த வெறி தணிந்திருக்கிறது. இதில் மகிழ்ச்சி எங்கே இருக்கிறது?

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. டோபமின், செரட்டோனின் போன்றவை பல இடங்களில் ஓர் அணுவோடு மட்டும் நின்றுவிடுவதில்லை. ஒரு பகுதி முழுவதன் போக்கையே கூட்டிக் குறைக்கின்றன. அப்போது அவற்றை நியூரோமாடுலேட்டர் என்கிறார்கள். தமிழில் என்ன சொல்வது? ‘பண்பேற்றி’ என்றால் வானொலிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்; அவர்களுடைய மாடுலேட்டருக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. ‘நரம்புச் சுருதி’ என்று ஒரு நண்பர் தனிமடலில் எழுதியிருந்தார். அழகாக இருக்கிறது, ஆனால் ஒரு பொருளின் பெயராக ஒலிக்கவில்லை. ‘சுருதிகூட்டி’? இசை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.