க்ளென்ட்ரெஸ் காட்டுல முதல் மவுண்டன் பைக் (மலை சைக்கிள்) ரைடு: பிளான் ஒண்ணு, நடந்தது ஒண்ணு. உங்க அனுபவமும் சொல்லுங்க

கோவைக்காரன்_எடின்பரோ:

வணக்கம் மக்களே. எடின்பரோ வந்து மூணு வருஷம் ஆகப்போகுது, போன மே மாசம்தான் முதல் தடவையா க்ளென்ட்ரெஸ் போனேன். நாலு பேரைக் கூட்டிட்டுப் போனேன், பிளான் போட்டது நான், அதனால திட்டு மொத்தமும் எனக்கே. எங்க க்ரூப்பு மட்டும்தான் இப்படி கோமாளித்தனம் பண்ணுச்சா இல்ல எல்லாருமே இப்படித்தானான்னு தெரிஞ்சாகணும், அதான் இந்தப் பதிவு.

தெரியாதவங்களுக்கு, எடின்பரோல இருந்து தெற்கால கார்ல சுமார் ஒரு மணி நேரம் போனா பீபிள்ஸ்னு ஒரு ஊரு, அதைத் தாண்டுன உடனே ட்வீட் ஆத்துப் பள்ளத்தாக்குல இந்தக் காடு. அரசாங்கக் காடுதான், ஃபாரஸ்ட்ரி அண்ட் லேண்ட் ஸ்காட்லாந்து பாத்துக்கறாங்க. மவுண்டன் பைக்குக்குன்னே பாதை வெட்டி கலர் குடுத்து வச்சிருக்காங்க, பச்சை ஈஸி, நீலம் பரவால்ல, சிவப்பு கஷ்டம், கருப்பு பக்கம் நமக்கு வேலை இல்ல. 2023ல உலக சாம்பியன்ஷிப் க்ராஸ் கன்ட்ரி ரேஸ் இங்கதான் நடந்துச்சு, பிரிட்டிஷ் சைக்கிள் வீரர் டாம் பிட்காக் ஜெயிச்சது இதே மலைலதான். அந்த வீடியோ பாத்துத்தான் எனக்குக் கிறுக்கே பிடிச்சது.

இப்ப என் கணக்கைக் கேளுங்க. நீலம் 16 கிலோமீட்டர், சிவப்பு 18 கிலோமீட்டர். ரெண்டு கிலோமீட்டர்தானே கூட, வந்ததுதான் வந்தோம் சிவப்பே போயிரலாம்னு முடிவு பண்ணிட்டேன். காலேஜ் படிக்கும்போது மருதமலை அடிவாரம் வரைக்கும் சைக்கிள்ல போயிட்டு எட்டு மணிக்குள்ள வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிட்டவன் நான், 18 கிலோமீட்டர் என்ன பெருசு, ஒன்றரை மணி நேரம். பத்து மணிக்கு வாடகை பைக், அரை நாள், ரெண்டு மணிக்குத் திருப்பிக் குடுக்கணும். பன்னெண்டரைக்கு பீபிள்ஸ்ல சாப்பாடுன்னு எக்செல்ல போட்டு எல்லாருக்கும் அனுப்பிட்டேன். ஆமா எக்செல், சிரிக்காதீங்க.

நடந்தது என்னன்னா ஒரே ஏத்தம். வளைஞ்சு வளைஞ்சு போகுது, ஒவ்வொரு வளைவுலயும் இதுதான் கடைசின்னு தோணும், திரும்புனா இன்னொண்ணு இருக்கும். ரூம்மேட்டு தினம் ஜிம்முக்குப் போறவன், நாப்பதாவது நிமிஷத்துல இறங்கித் தள்ள ஆரம்பிச்சுட்டான், சீட்டு வலி வேற அவனுக்கு, மாமா பையன் பாதில உக்காந்து தண்ணிய மொத்தமும் குடிச்சு முடிச்சுட்டான். மேல போய்ச் சேரும்போதே மணி பன்னெண்டு தாண்டிருச்சு. எக்செல்படி நாங்க பீபிள்ஸ்ல மெனு கார்டு பாத்துட்டு இருக்கணும்.

ஆனா மேல இருந்து இறங்குற பகுதி, ஸ்பூக்கி வுட்னு பேரு, அது ஆரம்பிக்கிற இடம் இருக்கே! பகல்லயே இருட்டு, மரம் நெருக்கமா, காலுக்கடில ஊசி இலை மெத்தை மாதிரி, சத்தமே இல்ல. அங்கதான் பயம் வந்துச்சு. கீழ பாதை சாய்ஞ்சு திரும்பி திரும்பி போகுது, ரூம்மேட்டுக்கு சீட்டு இடுப்பு உயரத்துக்கு நிக்குது, அப்படியே இறங்குனா தலைகுப்புறத்தான். அப்ப பின்னாடி வந்த ஒரு ஸ்காட்டிஷ் அம்மா, அறுபது வயசுக்கு மேல இருக்கும், நிறுத்தி முதல் தடவையான்னு கேட்டாங்க. ஆமான்னோம். அவனை உக்காரச் சொல்லிட்டு ஹேண்டில்பார் இடது பக்கம் அடில இருந்த குட்டி லீவரை அவங்களே கட்டை விரலால அழுத்துனாங்க, சீட்டு புஸ்ஸுன்னு கீழ போயிருச்சு. ட்ராப்பர் போஸ்டாம். வாடகைக்குக் குடுக்கும்போது சொல்லியிருப்பாங்க, நாங்க எங்க கேட்டோம், செல்ஃபி எடுத்துட்டு இருந்தோம். ஏறுன தூரம் முழுக்க அதை ஏதோ லாக்குனு நெனச்சுத் தொடவே இல்ல அவன். அந்தம்மா சிரிக்கக்கூட இல்ல, ஒத்தை விரல் மட்டும் பிரேக்ல வை, ஹேண்டிலை நெருக்கிப் பிடிக்காதேன்னு சொல்லிட்டு எங்களுக்கு முன்னாடி சர்ருன்னு இறங்கிப் போயிட்டாங்க, அவ்ளோதான், அப்புறம் பாக்கவே இல்ல.

பாதி தூரம் ஓட்டி பாதி தூரம் நடந்துதான் வந்தோம். பைக்கை லேட்டா குடுத்ததுக்கு எக்ஸ்ட்ரா காசு, சாப்பாடு மூணரை மணிக்கு. ரெண்டு நாள் கைய மடக்க முடியல எனக்கு, பிரேக்கைப் பிடிச்சுத் தொங்குனதுல.

யாழ்_கிளாஸ்கோ:

தம்பி, வாசிச்சுச் சிரிச்சுப்போட்டன், ஆனா உங்களுக்கு மே மாதம் எண்டபடியால் தப்பினீங்கள். நாங்கள் ரெண்டு பேர் ஒருக்கா டிசம்பரில போனனாங்கள். கிளாஸ்கோவில இருந்து வெளிக்கிடேக்கையே பிந்திப்போச்சு, பன்னிரண்டரைக்குத்தான் சைக்கிளை இறக்கினது. டிசம்பரில இங்க மூண்டே முக்காலுக்கு முதலே சூரியன் போயிடும், காட்டுக்குள்ள அதுக்கும் முன்னமே ஒண்டும் தெரியாது, அது தெரிஞ்சிருந்தும் கணக்கெடுக்கேல்லை.

மூண்டு மணி மட்டில என்ர கூட்டாளிக்கு பின்பக்கம் ஒரு கல்லில அடிபட்டு கியர் தொங்குற அந்தச் சின்ன அலுமினியத் துண்டு, ஹாங்கர் எண்டு சொல்லுவினம், அது முறிஞ்சுது. செயின் சில்லுக்குள்ள போய்ச் சிக்கிப்போட்டுது. உள்ளங்கைக்குள்ள அடங்குற சாமான்தான், ஆனா கனக்க சைக்கிளுக்கு வேற வேற அச்சு, மற்றவற்ற ஹாங்கர் உங்களுக்குப் பொருந்தும் எண்டில்லை. என்னட்ட டியூப் இருந்தது, பம்ப் இருந்தது, அது மட்டும் இல்லை. லாரி போற பெரிய காட்டுரோட்டுக்கு இறங்கி, ஒரு ஃபோன் லைட்டில ரெண்டு பேரும் உருட்டிக்கொண்டு வந்தம், அந்த லைட்டும் கார் பார்க்குக்குக் கிட்ட வரேக்க பத்து வீதம்தான். சரியான குளிர், கதைக்கவும் ஏலாது, பல்லுக் கிடுகிடெண்டு.

ஆருக்கும் அடிபட்டால் 999 அடிச்சு முதல்ல போலீஸைக் கேட்டு பிறகு மவுன்டன் ரெஸ்க்யூவைக் கேக்கவேணும். ட்வீட் வேலி டீம் முழுக்கத் தொண்டர்கள்தான், காசு வாங்காயினம். சிக்னல் இழுபடுற இடங்களுக்காக 999க்கு முன்கூட்டியே register எண்டு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிப் பதிஞ்சு வையுங்கோ, பிறகு கதைக்க ஏலாட்டிலும் மெசேஜ் போகும். வெளிக்கிட முதல் எந்தப் பாதை பூட்டியிருக்கு எண்டும் பாருங்கோ, 2021 நவம்பர் ஆர்வென் புயலுக்குப் பிறகு இந்தப் பக்கத்துக் காடுகளில மரம் விழுந்து கிடந்த கிடை சொல்லி வேலையில்லை. மரம் வெட்டுற இடத்தில போட்ட தடையைத் தாண்டிப் போறது விசர் வேலை.

மதுரைப்பொண்ணு_லீத்:

ரெண்டு பேரும் பாதையப் பத்திப் பேசுறீங்க, பிள்ளைகளக் கூட்டிட்டுப் போறவுகளப் பத்தி யாரு பேசுறது? எனக்கு ஒம்பது வயசுல ஒண்ணு, பன்னெண்டுல ஒண்ணு. கார் கிடையாது. எடின்பரோல இருந்து பீபிள்ஸ் போற X62 பஸ்ஸுல சைக்கிள ஏத்திக்கிருவாக, ஆனா எடம் ரொம்பக் கம்மி, மொத வாரவுகளுக்குத்தான், அதனால சின்னதுக்கு மட்டும் அங்க போயி வாடகைக்கு எடுத்தோம். ஞாயித்துக்கெழம கடைசி பஸ்சு எத்தன மணிக்குன்னு மொதல்ல பாத்துட்டு அதுல இருந்து பின்னாடி எண்ணி எண்ணித்தான் நான் பிளானே போடுவேன், கோவைத் தம்பி எக்செல்ல விட இது மேலு.

பச்சைல ரெண்டு ரவுண்டு. அம்புட்டுதான். பெரியவன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டான், பச்சை பாப்பாக்களுக்காம். ரெண்டாவது ரவுண்டுல ஒரு மான், ரோ மான்னு சொல்றாக, ஆடு ஒசரந்தான், பாதைக்குக் குறுக்க நின்னு எங்களையே பாக்குது. சின்னது பிரேக்க ரெண்டையும் ஒண்ணா அமுக்கி சறுக்கி விழுந்துச்சு, மான் ஓடுறதப் பாத்துக்கிட்டே எந்திரிச்சு, முட்டில சேறோட, இன்னொரு ரவுண்டு போலாம்மாங்குது. பெரியவன் அதுக்கப்புறம் பாப்பா பாதைன்னு சொல்லவே இல்ல.

கட்டுச்சோத்துக்கு புளியோதரை கொண்டு போனேன். அங்க கஃபே இருக்கு, ஆனா நாலு பேருக்கு ஆகுற காச நெனச்சா எனக்குத் தொண்டைல எறங்காது. ஆகஸ்ட்டுல சாயங்காலம் காத்து நின்னுச்சுன்னா மிட்ஜ் பூச்சி மொய்ச்சுரும், புளியோதரைக்குள்ளயும் விழும், ஒரு எடத்துல உக்காராம சாப்புடுங்க.

சென்னை_பஞ்சர்:

எல்லாரும் ஒண்ண விட்டுட்டீங்க, டயர் காத்து. ஊர்ல மாதிரி கல்லு மாதிரி அடிச்சு வச்சுட்டு வந்துடறாங்க, நானும் முதல் தடவை 50 பிஎஸ்ஐ அடிச்சுட்டுதான் போனேன், ஈர வேர் மேல ஏறுன உடனே பைக் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம். அகல டயருக்கு இருபதுல இருந்து முப்பதுக்குள்ள போதும், வெயிட்டப் பொறுத்து. அப்புறம் வாடகைக்கு எடுக்கறவங்க முன்னாடி பின்னாடி ரெண்டுலயும் ஷாக் இருக்கற ஃபுல் சஸ்பென்ஷன்தான் வேணும்னு அடம் பிடிக்காதீங்க, நீலத்துக்கு முன்னாடி மட்டும் ஷாக் இருக்கற ஹார்ட்டெயில் தாராளம். இதுல சண்டை போடறவங்க போடலாம், நான் ஃப்ரீதான்.

கோவைக்காரன்_எடின்பரோ:

அக்கா, பஸ்ஸுல இருந்து பின்னாடி எண்ணுற ஐடியா நச்சுன்னு இருக்கு. அண்ணா, ஹாங்கர் ஒண்ணு இப்பவே ஆர்டர் போட்டாச்சு, சொந்த பைக்கே இன்னும் வாங்கலைங்கறது வேற விஷயம். சென்னை, சண்டைக்கு வரேன், கொஞ்சம் டைம் குடு.

செப்டம்பர்ல ரெண்டாவது ரவுண்டு. இந்தத் தடவை நீலம் மட்டும், முழு நாள் வாடகை, எங்கள்ல யாரு ரொம்ப ஸ்லோவோ அவன்தான் முன்னாடி. அது மாமா பையன், அவன் ஒத்துக்கிட்டான். ரூம்மேட்டு மட்டும் ஜென்மத்துக்கும் வரமாட்டேன்னு சொல்லிட்டுத் திரியறான், ஆனா நேத்து அவன் பேர்ல ஒரு பார்சல் வந்துச்சு, பிரிச்சுப் பாத்தா பேட் வச்ச ஷார்ட்ஸ்.